கவசம் போட்ட சமையல்காரி

எக்ஸ்ரே அக்காவுக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று வீட்டுக் குரல். அதை வீட்டில் ஒருத்தரும் மதிப்பதில்லை. மற்றது ஆபரேஷன் தியேட்டர் குரல். அதைக் கேட்டால் எலும்பு டாக்டர்கூடச் சுத்தியலை அந்தரத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

உடைந்த எலும்புக்குத் தகடு வைத்து ஆணி இறுக்கும்போது, ஆணி போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா என்று நடுநடுவே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று பிறை மாதிரி வளைந்த ஓர் இயந்திரம் இருக்கிறது. அதை உருட்டிக்கொண்டு வருவது, திருப்புவது, பொத்தானை அழுத்துவது எல்லாம் அக்காவின் வேலை. முதல் படத்துக்கு முன்னால் அவள் கத்துவாள்:

"எக்ஸ்ரே! போறவங்க வெளிய போங்க, நிக்கிறவங்க ஏப்ரன் போடுங்க!"

ஏப்ரன் என்றால் சமையலறையில் கட்டிக்கொள்ளும் துணி இல்லை. எக்ஸ்ரே கதிர் உடம்பில் படாமல் தடுக்க உள்ளே ஈயம் வைத்துத் தைத்தது. தோளில் ஏற்றினால் கைக்குழந்தையைச் சுமக்கிற கனம். குழந்தையையாவது இடுப்பு மாற்றி வைத்துக்கொள்ளலாம், இதை எங்கே மாற்றுவது? மடித்து வைத்தால் ஈயம் விரிசல் விட்டுவிடும் என்பதால் கம்பியில்தான் தொங்கவிட வேண்டும். யாராவது அதைக் கழற்றி நாற்காலியில் சுருட்டிப் போட்டால் அக்கா அவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

மகள் வயிற்றில் இருந்த மாதங்களில் மட்டும் அவளைத் தியேட்டருக்குள் விடவில்லை. முன்னறையில் உட்காரவைத்துச் சீட்டு எழுதச் சொன்னார்கள். அந்த மாதங்களில் அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கதவுக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ மெலிந்த குரலில் "எக்ஸ்ரே..." என்று இழுப்பது கேட்கும்போதெல்லாம் பேனாவை மேசையில் குத்துவாளாம். பிள்ளை பிறந்து வேலைக்குத் திரும்பிய அன்று ஏப்ரனைத் தோளில் போட்டதும், "அப்பாடா!" என்றாளாம். கனத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பாடா என்று சொன்ன மனுஷி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னாலும் "போறவங்க போங்க" என்று கத்துகிறாள் என்று அவள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். அவர் ஊரெல்லாம் என்றால் நிஜமாகவே ஊரெல்லாம். அவர் சொன்னதில் பாதிதான் பொய்.

இப்பேர்ப்பட்ட அக்காவின் ஒரே கேளிக்கை ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அவள் தம்பி எங்கேயோ நண்பர் வீட்டில் கற்றுக்கொண்டு வந்து குடும்பத்துக்கே தொற்றவைத்தது. வாளும் மந்திரமும் பறக்கும் நாகமும் உள்ள ஓர் உலகம். தம்பி கதை சொல்வான். மற்ற ஒவ்வொருத்தரும் கதைக்குள் ஓர் ஆளாக இருந்து "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடை தீர்ப்புச் சொல்லும். சாப்பாட்டு மேசைதான் அந்த உலகம். உப்பு டப்பா மலை, சீப்பு பாலம்.

தம்பி துணி துவைக்கும் மெஷின் பழுது பார்க்கிறவன். கடைசியில் ஒரே ஒரு ஸ்க்ரூ மிஞ்சினாலும் மொத்த மெஷினையும் திரும்பப் பிரிக்கிற சாதி. அவன் நடத்துகிற விளையாட்டு எப்படி இருக்கும்? அவனுடைய சட்டம் ஒன்றே ஒன்று: சொன்னால்தான் நடந்தது. சாப்பிட்டேன் என்று சொல்லாவிட்டால் பட்டினி. கதவைச் சாத்தினேன் என்று சொல்லாவிட்டால் திறந்து கிடக்கிறது. அழுதாலும் புரண்டாலும் அதில் மாற்றம் கிடையாது.

அந்தச் சட்டத்துக்கு முதல் பலி அக்காவின் வீட்டுக்காரர்.

கதையில் அவர் பெரிய தளபதி. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. ஒரு ஞாயிறு, ஏதோ கோட்டை வாசலில், "கவசம் போட்டுக்கிட்டேன்" என்று கம்பீரமாகச் சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞாயிறுகள் போயின. தளபதி தூங்கினார், விருந்து சாப்பிட்டார், ஓர் இளவரசியோடு நடனம்கூட ஆடினார். ஒருநாள் ஆறு குறுக்கிட்டது.

"நீந்தி அக்கரைக்குப் போறேன்," என்றார்.

"கவசத்தோடவா அத்தான்?" என்றான் தம்பி, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"கவசமா? அதை அன்னிக்கே கழட்டியிருப்பேனே!"

"எப்ப சொன்னீங்க?"

தளபதி இத்தனை நாளாக இரும்புச் சட்டையோடு தூங்கி, இரும்புச் சட்டையோடு ஆடியிருக்கிறார் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் போய்விட்டாள். பகடை உருண்டது. இருப்பதிலேயே கெட்ட எண், ஒன்று, விழுந்தது. தளபதி கல்லைக் கட்டிப் போட்ட மாதிரி முழுகிப்போனார்.

"இந்த வீட்டுல பொண்ணெடுத்ததே தப்பு," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். மறுவாரம் மந்திரவாதியாகத் திரும்பி வந்தார். மந்திரவாதிகள் பருத்திச் சட்டைதான் போடுவார்கள் என்று முதலிலேயே அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா கதையில் சமையல்காரி. நிஜத்தில் அவள் சமைத்தால் இரண்டாவது கரண்டி கேட்க ஆள் கிடையாது. கதையிலாவது நாலு பேர் புகழட்டும் என்றுதான் அந்தப் பாத்திரத்தை எடுத்தாள். தளபதி முழுகிய அன்று மற்றவர்கள் துக்கம் கொண்டாடிக்கொண்டிருக்கையில் அவள் கையைத் தூக்கினாள்.

"சமையல்காரி ஆத்துல இறங்கி அந்தச் சட்டையை இழுத்துக்கிட்டு வர்றா."

"அதுக்குள்ள அத்தான் இருக்காருக்கா."

"அவரை மரியாதையா அடக்கம் பண்ணிட்டு எடுத்துக்கறேன்."

"அடிப்பாவி!" என்று கதவோரத்திலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவர் கீழ்வீட்டுப் பேக்கரிக்காரர். அவரும் இந்த மேசையில் ஓர் ஆள். விடிவதற்கு முன் எழுந்து ரொட்டி சுட்டு, மாவு படிந்த புருவத்தோடு வந்து உட்காருவார். கதையில் அவர் பளபளக்கும் தகட்டுக் கவசம் வைத்திருக்கும் பிரபு.

"தங்கச்சி, கவசம்கறது வீரனுக்கு. சமையல்காரிக்கு எதுக்கு? கேக்கறவன் சிரிக்க மாட்டான்?"

"சரி, யாருதான் அதைப் போடுவாங்க? யோசிச்சுச் சொல்லுங்கண்ணே," என்றாள் அக்கா. அவளுக்கு ஆவேசமே வந்துவிட்டது, நாற்காலியில் உட்காரவில்லை. "ராஜா போட மாட்டாரு, அவரைச் சுத்தி நாப்பது பேரு இருக்கான். திருடன் போட மாட்டான், அவன் ஓடணும். நீங்க போடறீங்க, எப்ப? சண்டைன்னு நாள் குறிச்சா போடறீங்க. மத்த நாள்ல உங்க கவசம் கழுதை மேல வருது. நம்ம கூடாரத்துக்குத் திருடன் வந்தான்னா மொதல்ல எங்க வருவான்?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே மேசையைத் தட்டினாள்.

"சாப்பாடு இருக்கற எடத்துக்கு! ஒவ்வொரு தடவையும் மொத அடி எனக்குத்தான் விழுது. டாக்டர் வர்றாரு, ஆபரேஷன் பண்றாரு, போறாரு. நோயாளி ஒரு தடவை வந்துட்டுப் போறான். தெனமும் அதே எடத்துல நிக்கிறது நானு. அப்ப யாருக்குக் கவசம்?"

தம்பி விட்டுவிடுவானா? கனம் என்றான், வேர்க்கும் என்றான், தோள் கன்றிப்போகும் என்றான். சத்தம் போடும், ஓட முடியாது, ஏற முடியாது, நீந்த முடியாது என்பது தெரிந்ததுதான். தனியாகப் போட்டுக்கொள்ளவும் முடியாது, பின்னால் வாரை இறுக்க ஓர் ஆள் வேண்டும் என்றான். ஒவ்வொன்றுக்கும் அக்கா சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தாள். "இதுல எதுடா எனக்குப் புதுசு?" என்று கடைசியில் கேட்டதும் தம்பி சமையல்காரி பெயருக்கு நேரே கவசம் என்று எழுதிக்கொண்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விளையாட்டு தொடங்குவதற்கு முன் அக்கா கை தூக்கி, "சமையல்காரி கவசம் போட்டுக்கிட்டா" என்பாள். மந்திரவாதி அலுத்துக்கொண்டே, "வாரை இறுக்கிவிட்டேன்" என்பார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அது அந்த வீட்டில் மின்விசிறியைப் போடுவது மாதிரி ஆகிவிட்டது. சிரிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த விளையாட்டுக்குக் கெடு வந்தது மகளால்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வாலு பள்ளிக்கூடம் முடித்து, கப்பல் என்ஜின் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். ஒரு முழு நாள் ரயிலில் போக வேண்டிய ஊர். விடுதியில் தங்கல். திங்கட்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். அக்காவுக்குச் சந்தோஷம்தான், ஆஸ்பத்திரியில் கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாலு பேச்சுக்காரி இல்லை. நேரில் இருந்தால் வாலாட்டுவாள், போனில் பிடித்தால் "ம்" மட்டும்தான். இனிமேல் சாப்பிட்டியா, ம், தூங்கினியா, ம், என்றுதான் மகளோடு வாழ்க்கை ஓடப்போகிறது என்று அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று.

ஒரே ஒரு வழி இருந்தது. வாலுதான் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நான் போன்ல வர்றேம்மா. என்னைய மேசைல சாய்ச்சு வச்சிடுங்க. அங்கேர்ந்தே வெளையாடறேன்."

அக்காவுக்கு உயிர் வந்தது. விளையாட்டில் வாலு வாய் ஓயாமல் பேசுவாள். மூன்று மணி நேரம் கத்துவாள், சிரிப்பாள், மாமாவோடு சண்டை போடுவாள். வாரத்துக்கு ஒரு தடவை அது கிடைத்தால் போதும்.

ஆனால் தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். கதை இப்போது பெரிய கண்டத்தில் இருக்கிறது. இந்த ஞாயிறு அதைத் தாண்டினால் மேலே போகும். எல்லாரும் செத்தால் கதை முடிந்தது. புதுக் கதை தொடங்க மாட்டானாம். "நாலு வருஷம் இழுத்தாச்சு. எனக்கும் வேலை வெட்டி இருக்கு," என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு வந்தது. மேசைக்குப் பக்கத்தில் சுவரோரமாக வாலுவின் பெட்டி நின்றது. நின்றது என்பதைவிட வீங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். அக்கா அதற்குள் கம்பளி இரண்டு, இஸ்திரிப் பெட்டி, குடை, மழைக்கோட்டு, டார்ச், வெந்நீர்ப் பை, பூட்டு மூன்று, ஒரு மருந்துக் கடையில் பாதி, அப்புறம் ஒரு சின்னக் குக்கரையும் திணித்திருந்தாள். வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் ரெண்டு ரயில் மாறணும்மா!"

"போற எடத்துல எது கெடைக்கும், எது கெடைக்காதுன்னு யாருக்குத் தெரியும்?"

"கடை இருக்கும்மா. நான் காட்டுக்கா போறேன்?"

"பேசாம இரு. வச்சது வச்சதுதான்."

காலையிலிருந்து இதே சண்டை. இரண்டு பேருக்கும் மூஞ்சி தூக்கிக்கொண்டது. மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

தம்பி கதையை எடுத்தான். மலைக் கணவாயில் ஒரு காவல் வீடு. நம் ஆட்கள் நாலு பேரும் அதில் தங்கியிருக்கிறார்கள். கீழே கிராமம் தூங்குகிறது. கொள்ளைக்கூட்டம் நாளைக்கு வரும் என்று தகவல். வீட்டுக்கு ஒரே கதவு, அதுவும் ஒடுக்கம். பின்னால் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே செங்குத்துப் பாறை. பாறைக்கு அந்தப் பக்கம் பெரிய மணி ஒன்று தொங்குகிறது. அடித்தால் கோட்டையிலிருந்து படை வரும்.

"சமையல்காரி கவசம் போட்டுக்கிட்டா," என்றாள் அக்கா, கோபத்திலும் மறக்காமல்.

"வாரை இறுக்கிவிட்டேன்," என்றார் மந்திரவாதி.

பேக்கரிக்காரர் தாராளமாகச் சிரித்தார். "சண்டை நாளைக்குத்தானே? பிரபு கவசத்தைக் கழட்டி எண்ணெய் போட்டுத் தொடைக்கறாரு. நாளைக்கு அது மின்னணும்!"

"கழட்டிட்டீங்களா அண்ணே?"

"கழட்டிட்டேன்பா."

தம்பியின் காது லேசாக அசைந்தது. வீட்டில் எல்லாருக்கும் அந்த அசைவு தெரியும். பேக்கரிக்காரருக்கு மட்டும் தெரியாது.

"எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கீங்க," என்றான் மெதுவாக. "கதவு மேல 'டம்'முனு ஒரு கோடாலி."

மேசை வெடித்தது. பேக்கரிக்காரர், "நாளைக்குன்னியே, நாளைக்குன்னியே!" என்று எழுந்தார். "தகவல் நாளைக்குன்னு வந்தது, கொள்ளைக்காரங்க சொல்லி அனுப்பலையே," என்றான் தம்பி. இன்னொரு 'டம்'. கதவில் ஒரு பலகை போயிற்று. ஜன்னலில் பறந்து வந்த அம்பு வாலுவின் ஆளின் தோளில் தைத்தது. வாலு கதையில் வேவுக்காரி. பாறை ஏறுவாள், பூட்டுத் திறப்பாள், காற்று மாதிரி ஓடுவாள். மெலிந்த உடம்பு. அடிபட அடிபட உயிர்ப்புள்ளி குறையும், தீர்ந்தால் ஆள் காலி; அவளுக்கு இப்போது மூன்றுதான் பாக்கி.

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். விளையாட்டுதான், தெரியும். ஆனாலும் வந்துவிட்டாள்.

"மணி அடிக்கணும்," என்றாள் வாலு, கண் பளபளக்க. "பாறைல நான்தான் ஏற முடியும். நான் போறேன் மாமா."

"இரு இரு இரு!" அக்கா இரண்டு கையையும் மேசைக்குக் குறுக்கே நீட்டினாள். "மூணு புள்ளிய வச்சுக்கிட்டு எங்கடி போற? என் கவசத்தைக் கழட்டி இவளுக்குப் போடறேன்."

"அம்மா! வேண்டாம்!"

"வெளிய அம்பு பறக்குது!"

"அதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி ஏறறது? அப்பா முழுகின மாதிரி நான் உருண்டு விழுவேன்!"

"என் சாவை ஏன் இழுக்கறீங்க?" என்றார் மந்திரவாதி.

"நீ சும்மா இருடி," என்று அக்கா மகளை அடக்கினாள். "ஒண்ணுமே இல்லாம வெளிய அனுப்பிட்டு நான் இங்க இரும்புச் சட்டையோட உக்காந்திருக்கணுமா? எந்த அம்மாவாவது செய்வாளா?"

வாலு பகடையை மேசையில் வைத்தாள். "நீ எனக்கு எல்லாத்தையும் போட்டுத்தான் அனுப்புவியாம்மா? அப்ப நான் எப்படிம்மா போறது?"

அவள் எந்தப் பயணத்தைச் சொல்கிறாள் என்று மேசையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. வீட்டுக்காரர் சுவரோரப் பெட்டியைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்.

"அக்கா," என்றான் தம்பி. "கதவுல கடைசிப் பலகை. நீ கழட்டினா அடுத்த அடிக்குள்ள வேற ஒண்ணும் செய்ய முடியாது. கழட்டறியா, இல்லையா? சொன்னாத்தான் நடந்தது."

எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடாலி இறங்கப்போகிறது, அறைக்குள் ஆளாளுக்கு ஒரு மூலையில் நிற்கிறார்கள், இனி ஒரு கணம்கூட இல்லை. இந்த மாதிரி நேரத்தில் அவள் தொண்டைக்குப் பழக்கமானது ஒன்றே ஒன்றுதான். அவளைக் கேட்காமலே அது வந்துவிட்டது, வீட்டுக் குரலில் இல்லை, தியேட்டர் குரலில்:

"போறவங்க வெளிய போங்க! நிக்கிறவங்க போடுங்க!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கத்தி வந்த வார்த்தை. இன்றைக்குத்தான் அதைக் கேட்கிறாள்.

போகிறவர்களுக்குக் கவசம் கிடையாது. அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

"கழட்டலை," என்றாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் சிரித்தாள். "நான் கதவுல நிக்கிறேன். நீ ஓடுடி!"

"ஜன்னல் வழியா குதிச்சிட்டேன்!" என்று வாலு கத்தினாள், நாற்காலியே பின்னால் சாய்ந்துபோயிற்று.

அப்புறம் நடந்த கூத்தை எப்படிச் சொல்வது! கதவு உடைந்தது. ஒடுக்கமான வாசலில் இரும்புச் சட்டை போட்ட சமையல்காரி வாணலியும் கையுமாக நின்றாள். கோடாலி அவள் தோளில் இறங்கியது. வளையங்கள் நொறுங்கின, ஆள் நொறுங்கவில்லை. அடுத்த வெட்டு விலாவில். தம்பி புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வந்தான். அக்கா பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி, ஊதி, உருட்டி, ஒவ்வொரு தடவையும் தியேட்டர் குரலில் "நிக்கிறேன்! நிக்கிறேன்!" என்றாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

அவளுக்குப் பின்னால் பேக்கரிக்காரர் தகட்டுக் கவசத்தைப் போட்டுக்கொள்ளப் படாத பாடு பட்டார். "மார்த்தகடு போட்டுட்டேன்! எங்கப்பா வாரு?" "இடது வாரை இறுக்கறேன்!" என்றார் மந்திரவாதி. "எண்ணெய் போட்டு வழுக்குது," என்றான் தம்பி இரக்கமே இல்லாமல். "கொஞ்சம் சீக்கிரம்ணே, இங்க என்னையப் பிச்சு எடுக்கறானுங்க!" என்றாள் அக்கா. பேக்கரிக்காரருக்கு நிஜமாகவே வேர்த்துக் கொட்டியது. புருவத்து மாவு கரைந்து கன்னத்தில் வழிந்தது.

வெளியே வேவுக்காரி பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நகர்ந்தாள். பக்கத்தில் ஓர் அம்பு உரசிப் போயிற்று. இரண்டு புள்ளி போனது. ஒன்று பாக்கி. நடுவில் ஒரு பிளவு. தாண்ட வேண்டும்.

"பத்துக்கு மேல விழணும்," என்றான் தம்பி. "கவசம் போட்டிருந்தா பதினெட்டுக்கு மேல கேட்டிருப்பேன்."

வாலு பகடையைக் கையில் எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள். உருட்டினாள்.

பகடை உப்பு டப்பாவில் மோதி, சீப்பில் ஏறி, மேசை விளிம்பு வரைக்கும் போய்த் தயங்கி நின்றது.

பதினொன்று.

யார் முதலில் கத்தினார்கள் என்று இன்று வரைக்கும் அந்த வீட்டில் வழக்கு. தம்பி எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கரண்டியால் டாங், டாங், டாங் என்று அடித்தான். மணி! பிரபு கடைசி வாரை இறுக்கிக்கொண்டு சமையல்காரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மலை மேல் கோட்டைப் படையின் தீவட்டிகள் தெரிந்தன. கொள்ளைக்கூட்டம் ஓட்டம் பிடித்தது. அக்காவின் ஆளுக்கு இரண்டு புள்ளி பாக்கி, வாலுவின் ஆளுக்கு ஒன்று. ஆனால் நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது!

வாலு ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பேக்கரிக்காரர் மந்திரவாதியைத் தூக்கிவிடப் பார்த்தார், முடியவில்லை. தம்பிகூடச் சிரித்தான், அது அவன் சட்டத்தில் இல்லாதது.

கும்மாளம் அடங்கியதும் அக்கா எழுந்தாள். சுவரோரத்துக்குப் போய்ப் பெட்டியைத் தரையில் படுக்கவைத்துத் திறந்தாள். குக்கரை எடுத்து வெளியே வைத்தாள். இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்ப் பை, இரண்டு பூட்டு, ஒரு கம்பளி. மருந்துகளில் காய்ச்சல் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்தாள். டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். அதையும் எடுத்தாள். பெட்டியை மூடி ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். வந்தது.

"இப்ப ஓடலாம்," என்றாள், வீட்டுக் குரலில்.

அக்கா வெளியே வைத்திருந்த டார்ச்சை மட்டும் வாலு எடுத்துத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள்.

தம்பி பகடைகளைப் பையில் அள்ளினான். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டியவன், ஏதோ ஸ்க்ரூ மிஞ்சிவிட்ட மாதிரி திரும்பி வந்தான்.

"அக்கா, சமையல்காரி கவசத்தைக் கழட்டறதா நீ சொல்லவே இல்லையே?"

அக்கா மகளின் பெட்டியைக் கதவோரமாக, காலையில் எடுக்கத் தோதாக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"கழட்டலை," என்றாள். "அவ வர்ற வரைக்கும் நான் இங்கதானே நிக்கப்போறேன்."